எங்கள் சபையின் கோதுமைப் பெண்கள்

எங்கள் சபையில் கறுப்பான பெண் ஒருத்திகூடக் கிடையாது. சந்தேகமிருந்தால் சபையின் கல்யாணத் தகவல் மையத்தில் போய்க் கேளுங்கள். எல்லாரும் 'வீட்டிஷ்'. என் மகளும் அங்கே வீட்டிஷ்தான். எங்கள் ஊரான கொல்லயிலில் கோதுமை விளைந்து யாராவது கண்டதுண்டா? மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்று வளர்ந்த எங்களுக்குக் கோதுமை நிறம் எங்கிருந்து வந்தது?

வீட் என்றால் கோதுமை. அதன் வாலில் 'இஷ்' ஒட்டினால், கிட்டத்தட்ட கோதுமை. வடக்கே இந்திக்காரர்கள் தோலின் நிறத்துக்குக் கோதுமையைச் சொல்வார்கள். அதற்கு ஆங்கிலச் சட்டை போட்டுக் கல்யாண விளம்பரத்தில் நிறுத்திவிட்டார்கள். இங்கிலாந்துக்காரனிடம் சொன்னால் என்ன நிறமென்று நம்மிடமே கேட்பான். மாநிறம் என்று நமக்கே ஒரு சொல் உண்டு. ஆனால் அதையும் தாண்டிக் கறுத்தவளுக்கும் வீட்டிஷ் என்றே போடுகிறார்கள். பொய்யை ஆங்கிலத்தில் சொன்னால் மரியாதை என்று ஒரு நினைப்பு.

பக்கத்து வீட்டு ஜெஸிக்கும் அப்படித்தான் போட்டிருந்தார்கள். பாறசாலையிலிருந்து வெள்ளறடைக்குப் போகும் பஸ்ஸில் அவள் கண்டக்டர். காலேஜ் பையன்கள் படியில் தொங்கினால் ஒரே அதட்டலில் உள்ளே ஏற்றிவிடுவாள். அப்பா வேதமாணிக்கம் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். அம்மா தங்கபாய் காலமாகிவிட்டாள். ஜெஸிக்கு அம்மாவின் முகம், அம்மாவின் நிறம்.

நெய்யாற்றின்கரையிலிருந்து எபின் என்ற பையனின் சம்பந்தம் வந்தது. இருவரும் ஒரு மாதமாக வீடியோ காலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அவனைப் பிடித்துப்போயிற்று. பெண் பார்க்க வந்த அன்று நேந்திரம்பழத்தை மாவில் முக்கிப் பழம்பொரி போட நானும் போயிருந்தேன். ஜெஸி தட்டைக் கொண்டுவந்து வைத்ததும் எபினின் மாமி அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"வீட்டிஷ்னு இல்லியா போட்டிருந்திய? இது நல்ல கறுப்பாக்குமே!"

வேதமாணிக்கம் எழுந்து கைகூப்பினார். "மன்னிக்கணும். பஸ்ஸில வெயில் கொண்டு இப்பிடி ஆயிற்று. கல்யாணம் கழிஞ்சு வேலைய விட்டா நெறம் வந்திரும்."

ஜெஸி மாமியைப் பார்க்கவில்லை, அப்பாவையும் பார்க்கவில்லை. எபினைத்தான் பார்த்தாள்.

"நீங்க என்னை தெனம் பாத்துதானே பேசினிய. இப்ப என்ன சொல்லுதிய?"

"மாமி சொல்லியதுலயும்..." என்று இழுத்துவிட்டு அவன் செல்போனைத் தடவினான்.

"செரி. உங்க ஸ்டாப்பு வந்தாச்சு. எறங்குங்க."

வாய்க்குள் வைத்த பழம்பொரியை விழுங்கக்கூட நேரமில்லாமல் அவர்கள் போனார்கள். கார் திரும்பிய பிறகுதான் அவள் அப்பாவிடம் வந்தாள்.

"எதுக்கு மன்னிப்பு கேட்டிய?"

"உனக்க நன்மைக்காக்கும் மக்கா."

"வெயிலா என்னை கறுப்பாக்கிச்சு? பெறந்த அன்னைக்கே எனக்கு அம்மைக்க நெறம். மன்னிப்பு கேக்கணும்னா கல்லறைத்தோட்டத்தில கெடக்க அம்மைட்ட போய் கேளுங்க!"

சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகைச் சத்தம் கேட்டது. வேதமாணிக்கம் மிச்சமிருந்த பழம்பொரியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவர் தகவல் மையத்துக்கு வந்தார். நானும் அங்கே நின்றிருந்தேன். கம்ப்யூட்டர் முன்னால் ஜெயச்சந்திரன்.

"ஜெஸிக்க பேருல வீட்டிஷ எடுத்திட்டு கறுப்புன்னு போடு."

"அண்ணே, கறுப்புன்னு போட்டா ஒருத்தனும் வரமாட்டான்."

"வராதவன் வரண்டாம்."

"இல்லண்ணே, எல்லாருக்கும் வீட்டிஷ்னுதான்..."

வேதமாணிக்கம் மேசையில் ஓங்கி அடித்தார். "எனக்க தங்கபாய் கறுப்பாக்கும்! அவளை கெட்டுயதுக்கு நான் எவன்கிட்ட நெறம் கேட்டேன்? போடுலே!"

குரல் உடைந்தது. வாசலில் நின்ற ஜெஸி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஜெயச்சந்திரன் கறுப்பு என்று டைப் அடித்தான்.

அடுத்து என் முறை. என் மகளின் பேரைச் சொல்லி, அதையும் மாற்றச் சொன்னேன்.