தம்பி அளந்த சூடு

சூரிய மின்சாரப் பண்ணையில் தகடு கழுவுவது என் தம்பியின் வேலை. பதினோரு வருடமாக அதையேதான் செய்கிறான். விடிவதற்கு முன் தண்ணீர்த் தொட்டியை இழுத்துக்கொண்டு டிராக்டர் முன்னே போகும். நீளக் கம்பு வைத்த தூரிகையோடு இவன் பின்னே போவான். வெயில் ஏறிய பிறகு கழுவக் கூடாது. கொதிக்கிற கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீர் பட்டால் விரிசல் விட்டுவிடும். அதனால் ஒவ்வொரு வரிசையிலும் முதலில் புறங்கையை வைத்துப் பார்ப்பான், குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல. "பெத்த புள்ளையக்கூட இவர் இவ்வளவு தொட்டுப் பாத்ததில்ல அண்ணி" என்று அவன் மனைவி என்னிடம் புகார் சொல்வாள்.

நான் அவனுக்கு ஆறு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்தேன். தெருக்கோடியில், அப்பா காலத்திலிருந்தே இருக்கும் சலவை, இஸ்திரிக் கடையை நடத்துகிறேன். பெரும்பாலும் ஓட்டல் விரிப்புகளும் மருத்துவமனைத் திரைகளும்தான் வரும். நீராவி இஸ்திரிக்காகப் பின்சுவரை ஒட்டி ஒரு பாய்லர் நிற்கிறது. காலை எட்டு மணியிலிருந்து இரவு எட்டு வரை அது பெருமூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். இத்தனை வருடத்தில் அதன் சூடு எனக்கு உறைப்பதே இல்லை. தம்பியும் சின்ன வயதில் பள்ளி விட்டு வந்தால் அந்தச் சுவரில் சாய்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவான்.

எங்கள் வீடுகளுக்குப் பின்னால் ஒரு வெற்றுவெளி. நானூறு அடி தள்ளிப் பண்ணையின் கம்பி வேலி. அதற்குள் கண்ணுக்கெட்டியவரை கருநீலத் தகடுகள். இரண்டு கோடைகளாகத் தெருவில் ஒரே பேச்சு, அந்தத் தகடுகளால்தான் ராத்திரியில் வீடு ஆறவே மாட்டேன் என்கிறது என்று. எதிர் வரிசை மளிகைக்கடைக்காரர் தம்பியைக் கண்டாலே பிடித்துக்கொள்வார்.

"வாப்பா கம்பெனிக்காரா! என் கடை சாக்லேட்டையெல்லாம் ஸ்பூன் போட்டு விக்கிற நிலைமைக்குக் கொண்டாந்துட்டீங்க."

"அண்ணே, நான் தகட்டைக் கழுவுறவன். சூரியனை நான் கூட்டிட்டு வரல."

"கழுவுறவனுக்கு நழுவத் தெரியாதா என்ன?"

அவர் விளையாட்டாகத்தான் சொல்வார். ஆனால் அந்த வருடம் வந்த ஓர் அறிவிப்பு விளையாட்டாக இல்லை. பண்ணையை விரிவாக்கப் போகிறார்கள். புதிய வரிசைகள் எங்கள் பின்சுவர்களுக்கு இருபது அடி பக்கம் வரை வரும். நான்கு மாதம் கழித்துப் பள்ளிக்கூட மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம். ஆட்சேபம் உள்ளவர்கள் ஆதாரத்தோடு வரலாம் என்று போட்டிருந்தது.

ஆதாரம் என்ற சொல்லைத் தம்பி பிடித்துக்கொண்டான். மறுநாள் ஆறு வெப்பமானிகளும் நாற்பது வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டுகளும் வாங்கி வந்தான்.

"யாருக்குடா விருந்து?" என்றேன்.

"தெர்மாமீட்டருக்கு. வெயில் நேரா பட்டா அது காத்தோட சூட்டைச் சொல்லாதுக்கா, தன்னோட சூட்டைத்தான் சொல்லும்."

தட்டுகளின் நடுவில் ஓட்டை போட்டு, ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டு அடுக்கிக் கவிழ்த்து, உள்ளே வெப்பமானியைத் தொங்கவிட்டான். காற்று போகும், வெயில் போகாது. அதற்கு முன் ஆறையும் ஒரே வாளித் தண்ணீரில் ஒரு மணி நேரம் போட்டு வைத்தான். மூன்றாம் நம்பர் மட்டும் மற்றவற்றைவிட அரை டிகிரி கூடக் காட்டியது. அதன் முதுகில் 'அரை பொய்யன்' என்று எழுதி ஒட்டி, ஒவ்வொரு முறையும் அரை டிகிரி கழித்தே குறித்தான்.

மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட்டு முதல் நம்பரைப் பண்ணைக்குள்ளேயே நட்டான். இரண்டாவதை வேலியில். மூன்றாவதை வேலியிலிருந்து தெருப்பக்கமாக ஐம்பது அடி தள்ளி, நான்காவதை நூற்றைம்பது அடி தள்ளி. ஆறாவதை ஊரின் மறுகோடியில், பண்ணையின் காற்றே படாத ஒரு திறந்தவெளியில் வைத்தான். அதோடு ஒப்பிட்டுத்தான் மற்றதெல்லாம். ஐந்தாவதைத் தெருவிலேயே வைக்க வேண்டும். எங்கே என்று யோசித்துக்கொண்டு நின்றவனிடம், "நம்ம கடைக்குப் பின்னாடி சந்துல ஒரு ஆணி சும்மாத்தான இருக்கு" என்று சொன்னது நான்.

தினமும் விடியுமுன் ஒரு தரம், பகல் இரண்டு மணிக்கு ஒரு தரம், சாயங்காலம் ஏழரைக்கு ஒரு தரம். மழை வந்தால் மழை என்று எழுதுவான், காற்றடித்தால் எந்தப் பக்கம் என்று எழுதுவான். பெருமைக்காகச் சொல்லவில்லை, அந்த நோட்டில் ஓர் அடித்தல் திருத்தல் கிடையாது. தெரு அவனுக்கு 'டிகிரி' என்று பெயர் வைத்தது. ஒன்பதாம் வகுப்போடு நின்றவன், கல்லூரி வாசலை மிதிக்காமலே டிகிரி ஆகிவிட்டான்.

நாளாக ஆக ஐந்தாம் நம்பர்தான் தெருவின் செல்லப்பிள்ளையாகிவிட்டது. சாயங்கால அளவில் மறுகோடியைவிட மூன்றரை டிகிரி அதிகம் காட்டும். சில நாள் நான்கு. வேலிக்குப் பக்கத்தில்கூட அவ்வளவு இல்லை. வீடுகளுக்கு நடுவே சூடு வந்து சிக்கிக்கொள்கிறது என்று நாங்களே ஒரு காரணமும் கண்டுபிடித்து வைத்துக்கொண்டோம். மளிகைக்கடைக்காரர் அந்த எண்ணைச் சிவப்பு மையில் எழுதிக் கடை வாசலில் ஒட்டினார். கூட்டத்தில் அதை ஒன்று காட்டினால் போதும், விரிவாக்கம் அத்தோடு படுத்துவிடும் என்று எல்லோரும் நம்பினார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் பிற்பகல், தம்பி கடைக்கு வந்து மேசை மேல் நோட்டைப் பிரித்து எண்களைக் கூட்டிக்கொண்டிருந்தான். திடீரென்று தலையை நிமிர்த்தினான்.

"அக்கா, போன மாசம் பதினொண்ணு, பன்னெண்டு ரெண்டு நாளும் என்ன விசேஷம்?"

"என்ன விசேஷம்? ஒண்ணுமில்லியே."

"யோசிச்சுச் சொல்லு. அந்த ரெண்டு நாள் மட்டும் அஞ்சாம் நம்பர் சாதுவா இருந்திருக்கு. நாலாம் நம்பர் என்ன சொல்லுதோ அதையேதான் சொல்லியிருக்கு."

"அன்னிக்கா? பாய்லர் வால்வு போச்சுன்னு கடையையே மூடிட்டு உக்காந்திருந்தோமே..."

சொல்லி முடிப்பதற்குள் அவன் எழுந்துவிட்டான். இருவரும் பின்சந்துக்குப் போனோம். அவன் சுவரில் புறங்கையை வைத்தான். நானும் வைத்தேன். வாழ்நாள் முழுக்க அந்தச் சுவரோடு இருந்தும், அது சூடு என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. தட்டுக் கூடு சுவரிலிருந்து நாலு விரற்கடை தள்ளித் தொங்கிக்கொண்டிருந்தது. வேறு யாராவது மாட்டியிருந்தால் ஆணியைத் தொட்ட உடனே கையை இழுத்துக்கொண்டிருப்பார்கள். நாங்கள் சூட்டிலேயே வளர்ந்தவர்கள், எங்களுக்கு அது சுவர், அவ்வளவுதான்.

நான் அப்போது சொன்னதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். "அந்த ரெண்டு நாள் பக்கத்தை மட்டும் எடுத்துடேன். யாருக்குத் தெரியப் போகுது?" என்றேன். இருபது அடிக்குப் பக்கத்தில் தகடு வந்துவிடுமே என்ற பயம்.

அவனுக்குக் கோபம் வரவில்லை. சிரித்தான். "ஒரு சட்டைக் காலர்ல மடிப்பு கோணலா விழுந்தா, தண்ணி தெளிச்சு முதல்லேர்ந்து தேய்க்கிறவ நீ. என்னைப் போய்க் கோணலா மடிக்கச் சொல்றியே."

மண்டபம் நிரம்பியிருந்தது. முன்னால் ஒரு பெண் அதிகாரி, பக்கத்தில் கம்பெனி பொறியாளர். மளிகைக்கடைக்காரர் சிவப்பு மைத் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தம்பியைக் கூப்பிட்டதும் எழுந்து போய் ஒலிபெருக்கியைப் பிடித்தான்.

"மொதல்ல ஒரு தப்பைச் சொல்லிடுறேன் மேடம். அஞ்சாம் நம்பர் எங்க அக்கா கடை பாய்லர் சுவத்துல மாட்டினது. அது பாய்லரோட சூடு. அதை விட்டுடுங்க."

சத்தம் கிளம்பிவிட்டது. மளிகைக்கடைக்காரர் எழுந்து நின்றார். "டேய் டிகிரி! யார் பக்கம்டா நீ? எவ்வளவுடா குடுத்தாங்க?"

"உங்க பக்கம்தாண்ணே. நாளைக்கு இவங்க ஆளு வந்து அந்தச் சுவத்தைத் தொட்டுப் பாத்தா, மத்த அஞ்சையும் சேத்துக் குப்பையில போட்டுடுவாங்க."

அதிகாரி கையமர்த்தி, "மற்ற ஐந்தும் என்ன சொல்லுது?" என்று கேட்டார்.

தம்பி வாசித்தான். விடியுமுன் பண்ணைக்குள் மறுகோடியைவிட இரண்டரை டிகிரி அதிகம். வேலியில் ஒன்றரை. ஐம்பது அடி தள்ளி ஒன்று. நூற்றைம்பது அடியில் வித்தியாசமே இல்லை. ஆகவே இப்போதைக்குத் தெருவுக்குப் பண்ணையால் சூடு வரவில்லை.

"பகல்ல சில நாள் தகட்டு நிழல்ல குளுகுளுன்னுகூட இருக்கு மேடம். ராத்திரிதான் பிரச்சினை. வெறும் மண்ணுன்னா, வாங்கின சூட்டை வானத்தைப் பாத்து விட்டுடும். தகடு மேல நின்னா மூடி போட்ட பாத்திரம் மாதிரி. அதோட செடியெல்லாம் பிடுங்கிட்டாங்க. செடி இருந்தா அது கொஞ்சம் குளுத்தும்."

"அப்போ பண்ணையே வேண்டாம்னு சொல்றீங்களா?" என்றார் பொறியாளர்.

"அய்யோ, என் சோறே அதுல சார். இது இல்லன்னா அந்தக் கரண்டுக்கு எங்கியோ நிலக்கரி எரியணும். அந்தச் சூடு உலகத்துக்கே. இது பக்கத்துல இருக்கிறவனுக்கு மட்டும். பக்கத்துல வைக்காதீங்கன்னுதான் சொல்றேன். இருபது அடின்னா எங்க வீடு ராத்திரியெல்லாம் ஒரு டிகிரிக்கு மேல கூட ஏறும். நூத்தம்பது அடி தள்ளி வெச்சா ஒண்ணுமில்ல."

அதிகாரி நோட்டை வாங்கிப் புரட்டினார். "எத்தனை நாள் எடுத்தீங்க?"

"நூத்தி நாலு நாள் மேடம். அதுல மூணு நாள் எனக்குக் காய்ச்சல். வீட்டுக்காரி போய்ப் பாத்தா. அவ எழுத்து குண்டு குண்டா இருக்கும், தனியாத் தெரியும்."

மண்டபத்தில் சிலர் சிரித்தார்கள். அதிகாரி சிரிக்கவில்லை. நோட்டின் எல்லாப் பக்கங்களையும் நகல் எடுக்கச் சொன்னார்.

அதன்பிறகு ஆறு வாரம் தெருவில் பாதிப் பேர் எங்களோடு பேசவில்லை. மளிகைக்கடைக்காரர் சிவப்பு மைத் தாளைக் கிழித்தார், ஆனால் தம்பி வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு பருப்பு நிறுப்பார். தம்பி சாமான் வாங்க வேறு கடைக்குப் போகவில்லை. "அவரு எடை சரியா இருக்கும்" என்பான். கழுவுவதும் குறிப்பதும் நிற்கவில்லை. ஐந்தாம் நம்பரைத் தெருவிளக்குக் கம்பத்துக்கு மாற்றினான். அங்கே அது நான்காம் நம்பரோடு ஒத்துப்போய்விட்டது.

பிறகு அந்த அதிகாரியின் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. புதிய வரிசைகள் கடைசி வீட்டுச் சுவரிலிருந்து நூறு மீட்டருக்கு இந்தப் பக்கம் வரக் கூடாது, இடையிலுள்ள நிலத்தில் செடிகொடிகளை அகற்றக் கூடாது, கம்பெனி தன் செலவில் ஒரு வருடம் அளந்து காட்ட வேண்டும். இவன் கேட்டதே நூற்றைம்பது அடிதான். அதற்கும் கூடுதலாக, முந்நூறு அடிக்கு மேலேயே கொடுத்திருந்தார்கள். அந்த அலுவலகத்துப் பொறியாளர்கள் தாங்களே கணக்குப் போட்டுப் பார்த்தார்களாம்.

எல்லை குறிக்கிற நாளில் தெருவே பின்பக்கம் கூடியது. சர்வே ஆள் ஒருவர்தான் வந்திருந்தார். டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் கேட்டார். மளிகைக்கடைக்காரர் யாரையும் பார்க்காமல் போய் அதை வாங்கிச் சுவரோடு வைத்து அழுத்திக்கொண்டு, பலம்கொண்ட மட்டும் இழுத்தார்.

"அண்ணே, அப்படி இழுக்காதீங்க, துணி டேப்பு, நீண்டுடும்" என்றான் தம்பி.

"இழுத்தா என்னடா? நாலு விரக்கடை கூடக் கிடைக்கும்ல?"

"கிடைக்கும். அப்புறம் இன்னொருத்தன் வந்து அளந்தா தப்புன்னு தெரிஞ்சுடும்."

அவர் அவனை ஒரு நிமிடம் முறைத்தார். அப்புறம், "அக்காவும் தம்பியும் ஒரே அச்சு" என்று முணுமுணுத்துவிட்டுப் பிடியைத் தளர்த்தினார். தம்பி மண்டி போட்டு, டேப் எங்காவது முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று சுவரிலிருந்து முளைக்குச்சி வரை தவழ்ந்துகொண்டே போய்ப் பார்த்தான். அதற்குப் பிறகுதான் குச்சியை அடிக்கச் சொன்னான்.