எந்தின் கழுவிய குடுவைகள்

இந்தோனேசியாவின் பாண்டுங்கில், எங்கள் வேதியியல் கட்டடத்தின் மூன்றாவது மாடியில், எல்லோரும் தெத்தே, அதாவது அக்கா, என்று கூப்பிடும் எந்தின் ஒன்பது வருடமாகக் குடுவை கழுவுகிறார். "உங்களுக்கெல்லாம் எதையாவது உண்டாக்கற வேலை. எனக்கு இருக்கறதை இல்லாமப் பண்ற வேலை" என்பார். கழுவியதும் ஒவ்வொரு குடுவையையும் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடிப்பார். தண்ணீர் படலமாக வழிந்தால் சுத்தம். முத்து முத்தாக நின்றால் அழுக்கு. ஒரே ஒரு முத்து நின்றாலும் அந்தக் குடுவைக்கு அர்ச்சனைதான்: "உன்னைப் பெத்தவ உனக்குக் குளிக்கவே சொல்லிக் கொடுக்கலையா?"

பேராசிரியர்கள் அவரிடம் குரலை உயர்த்த மாட்டார்கள். நான் உயர்த்தினேன். ஆராய்ச்சிப் படிப்பின் கடைசி வருடத்தில் யாருக்கும் நல்ல சுபாவம் இருப்பதில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு முதல் வருடத்திலும் இருந்ததில்லை.

என் ஆராய்ச்சி தங்கத்தில். தங்கத்தை நானோ அளவுக்குப் பொடியாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் அது மஞ்சளாக இருக்காது. துகள் உருண்டையாக இருந்தால் தண்ணீர் நல்ல சிவப்பு. தட்டையான முக்கோணமாக இருந்தால் நீலப்பச்சை. எனக்கு வேண்டியது முக்கோணம். வெளிச்சம் பட்டால் அது சூடாகும். புற்றுக்கட்டியைச் சுட உதவும் என்று பலரும் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்கள். சின்ன வாய்க் குடுவைகளுக்கு மாறிய நாள் முதல் நான்கு மாதம் எனக்கு முக்கோணமாகக் கொட்டியது. பாக் என்றால் இங்கே ஐயா; என் பேராசிரியர் பாக் சுஹெந்தர் வழியில் பார்ப்பவரிடமெல்லாம் என்னைப் பற்றிப் பேசினார்.

ஒரு திங்கட்கிழமை எல்லாக் குடுவையும் சிவப்பாக வந்தது.

செவ்வாயும் சிவப்பு. அந்த வாரம் முழுக்கச் சிவப்பு. தண்ணீரை மாற்றினேன், தங்க உப்பை மாற்றினேன், மற்ற ரசாயனமெல்லாம் புதிதாக வாங்கினேன். பட்டத்துக்கான நேர்முகத் தேர்வுக்கு இரண்டு மாதம்தான் இருந்தது. திரும்பச் செய்துகாட்ட முடியாத முக்கோணத்தை வைத்துக்கொண்டு யார் பட்டம் கொடுப்பார்கள்? மாற்றுவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்றானபோது கழுவுகிறவர்மேல் பாய்ந்தேன்.

"தெத்தே, நிஜமாவே கழுவறீங்களா, இல்ல தண்ணி காட்டிட்டு வெச்சிடறீங்களா?"

அவர் என் கையிலிருந்த குடுவையை வாங்கித் திரும்பத் தொட்டியில் போட்டார். அன்றிலிருந்து என் குடுவைகளை மும்முறை கழுவினார். விரல் இடுக்கெல்லாம் வெடித்துப்போனது. அவர் கழுவக் கழுவ எனக்குச் சிவப்புதான் வந்தது. ஆறு வாரம் அப்படியே போனது.

ஒரு மதியம், நான் மாடிப்படியில் உட்கார்ந்து தெம்பே என்ற சோயா வறுவலை வெறுமனே பிய்த்துக்கொண்டிருந்தேன். தெத்தே எதிரில் வந்து நின்றார். சின்னப் பெண்களை அவர் நெங் என்றுதான் கூப்பிடுவார்.

"நெங், உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அடிக்க மாட்டியே?"

"நான் யாரை அடிச்சிருக்கேன், தெத்தே?"

"வாயால அடிக்கிறியே, அது போதாதா?" என்றவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அந்தச் சின்ன வாய்க் குடுவைக்குள்ள பிரஷ் போகாது. அதனால வீட்ல தெர்மாஸ் ஃப்ளாஸ்க் கழுவற மாதிரி கொஞ்சம் அரிசியும் உப்பும் போட்டுக் குலுக்கிக் கழுவினேன். நாலு மாசம். அப்புறம் பாதுகாப்பு அதிகாரி வந்து, சாப்பிடற பொருள் எதுவும் இங்க இருக்கக் கூடாதுன்னு சொன்னாரில்ல, அந்த வெள்ளிக்கிழமையே டப்பாவை வீட்டுக்குக் கொண்டுபோயிட்டேன். ஆனா உப்பு கண்ணாடியில ஊறிடுச்சு போல. எவ்வளவு கழுவியும் போக மாட்டேங்குது. உன் தங்கம் கெட்டது என்னாலதான். உன் குடுவையைக் கழுவ வேற ஆளை வெச்சுக்கோ."

வெள்ளிக்கிழமை உப்பு போயிருக்கிறது. திங்கட்கிழமை முக்கோணம் போயிருக்கிறது.

"என்ன உப்பு, தெத்தே?"

"சமையல் உப்புதான். அயோடின் போட்டது. கடையில வேற என்ன கிடைக்குது?"

அவரைக் கட்டிப்பிடித்துக் கத்தினேன். பக்கத்து அறையிலிருந்து யாரோ தீயணைக்கும் சிலிண்டரோடு ஓடிவந்தார்.

மூன்று நாளில் தெரிந்துவிட்டது. அயோடின் இல்லாத உப்பில் கழுவினால் சிவப்பு. அயோடின் உப்பில் கழுவினால் நீலப்பச்சை. உப்பே இல்லாமல், எடைபோட முடியாத அளவு அயோடினை மட்டும் சேர்த்தாலும் நீலப்பச்சை. தங்கத்தின் இரண்டு பக்கங்களில் அயோடின் போய் ஒட்டிக்கொள்கிறது. அந்தப் பக்கங்களில் வளர முடியாத தங்கம் தட்டையாகப் படர்ந்து முக்கோணமாகிறது. தெத்தேயைக் கையோடு இழுத்துக்கொண்டுபோய் மைக்ரோஸ்கோப் திரை முன்னால் உட்காரவைத்தேன். ஒன்பது வருடத்தில் அந்த அறைக்குள் அவர் தரை துடைக்க மட்டும்தான் வந்திருக்கிறார்.

"அடி ஆத்தாடி, எவ்வளவு கூரா இருக்கு! யாரு வெட்டினது?"

"உங்க உப்பு வெட்டினது."

சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது.

"அப்போ உப்பு குடுவையிலயே தங்கியிருக்கு."

"ஆமா தெத்தே, அதனாலதானே..."

"சுத்தம்னு நான் கொடுத்தது சுத்தமா இல்ல."

தலைத்துணி நுனியால் நாற்காலியைத் துடைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அதன் பிறகு அவர் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவில்லை. கழுவினார், கவிழ்த்தார், அவ்வளவுதான். குடுவைகளுக்கு அர்ச்சனையும் நின்றுபோனது.

பாக் சுஹெந்தருக்கு ஒரே சந்தோஷம். "கழுவுறதுல ஏற்பட்ட குறைன்னு ஆய்வேட்டுல ஒரு வரி எழுதிடு, போதும்" என்றார். உண்மையை மறைக்க முடியாது, எழுதித்தான் ஆகவேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் இன்னொன்று நினைவுக்கு வந்தது. அந்த நான்கு மாதமும் தண்ணீரைக் காய்ச்சி வடிக்கும் இயந்திரம் பாதி நாள் படுத்துக்கிடந்தது. மூன்று தடவை அலச வேண்டியதை ஒரு தடவை போதும் என்று அவரிடம் சொன்னது நான்தான். அதைச் சொல்லிக்காட்ட அவருக்குத் தோன்றவே இல்லை. எனக்கோ அது மறந்தே போயிருந்தது.

தேர்வன்று பலகாரப் பெட்டிகளை அடுக்கிவைத்துவிட்டு, தெத்தே கடைசி வரிசையில் உட்கார்ந்தார். சுரபாயாவிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ஆய்வேட்டைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: "அப்போ உங்க ஆய்வகத்துல பாத்திரம் சரியாக் கழுவறதில்லைன்னு எடுத்துக்கலாமா?"

எல்லோரும் சிரித்தார்கள். பாக் சுஹெந்தரும்தான்.

"இல்ல, பாக். அலசறதைக் குறைக்கச் சொன்னது நான். உப்பு தங்கினது என் தப்பு. அவங்க எப்படிக் கழுவுவாங்கன்னு கேட்டா, அதுக்கு நான் தோத்துப்போன ஆறு வாரம்தான் சாட்சி. கோடியில ஒரு பங்கு அயோடின் இருந்திருந்தாலே ஒரு முக்கோணமாவது வந்திருக்கும். ஒண்ணுகூட வரல. கோடியில ஒரு பங்கைக்கூட தெத்தே எந்தின் விட்டுவைக்கல. அந்த ஆறு வாரமும் நான் அவங்களைத் திட்டிக்கிட்டிருந்தேன்."

தேர்வாளர் திரும்பிக் கடைசி வரிசையைப் பார்த்தார். தெத்தே பலகாரப் பெட்டிகளை எண்ணுவதுபோல் குனிந்துகொண்டார்.

பட்டம் கிடைத்தது. கைகுலுக்கலெல்லாம் முடிந்து கூட்டம் கலைந்த பிறகு அவர் மெதுவாக என் பக்கத்தில் வந்தார்.

"நெங், கோடியில ஒரு பங்குன்னு என்னவோ சொன்னியே. பின்னால உட்கார்ந்திருந்தேனா, சரியாக் காதுல விழல. இன்னொரு தரம் சொல்லேன்."

மாடிப்படியில் யார் இறங்கினாலும் செருப்புச் சத்தத்தை வைத்தே ஆளைச் சொல்கிறவர் அவர். நான் முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன், திட்டியதையும் சேர்த்து.