பின்பலகையைத் தட்டச் சொன்னார்கள்

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். பிழையும் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன், பொறுத்துக்கொள்ளுங்கள். அந்தோணியார் கோயிலில் சாட்சியை மைக்கில் சொல்லச் சொன்னார்கள். நான்கு பேர் முன்னால் எனக்கு வாய் வராது. அதனால் எழுதுகிறேன்.

கடலூர் துறைமுகத்தில் பைபர் படகு வைத்திருக்கிறேன். பதினாறு வருடப் படகு. போன மார்ச்சில் ஒரு காலை, கரை தெரியாத தூரத்தில் மோட்டார் நின்றுவிட்டது. படகில் நானும் என் மனைவியின் தம்பி ஆரோக்கியமும்தான். மோட்டாரைக் கிளப்பும் கயிற்றை இழுத்து இழுத்துக் கைத்தோல் உரிந்தது. குடிதண்ணீர் தீர்ந்தது. இனி வீடு இல்லை என்றே நினைத்தேன். மத்தியானத்துக்கு மேல் ஒரு விசைப்படகு கட்டி இழுத்து வந்தது.

அந்த மோட்டார் இனி ஆகாது என்றார்கள். பழையது பத்து எச்பி. ஆரோக்கியம் இருபத்தைந்தில் பிடிவாதமாக நின்றான்.

"மாமா, இருவத்தஞ்சு போட்டா பறந்துடலாம். இந்த மாட்டுவண்டிய இன்னும் எத்தினி நாளு ஓட்டப்போற?"

எனக்குள் ஒரு கேள்வி ஓடிக்கொண்டே இருந்தது. அவ்வளவு பலத்தோடு தள்ளினால், அதைத் தாங்கப்போவது எது? யாரிடம் கேட்பது? கடைக்குப் போனாலும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறவன் நான்.

ஒன்பது செவ்வாய்க்கிழமை அந்தோணியார் முன்னால் முழங்காலில் நின்றேன். "எந்த மோட்டார் என்று நீங்கள் சொல்ல வேண்டாம். கேட்க ஒரு வாய் வாங்கிக் கொடுங்கள்" என்று மன்றாடினேன்.

ஒன்பதாவது செவ்வாய்க்கு மறுநாள் சிதம்பரத்தில் மோட்டார் கடைக்குப் போனோம். ஆரோக்கியம் இருபத்தைந்தைக் கட்டச் சொல்லிவிட்டான். அப்போது என் வாய் தானாகத் திறந்தது.

"சார், இத்த மாட்டுனா பழைய படகு தாங்குமா?"

மெக்கானிக் நிமிர்ந்து பார்த்தார். "எல்லாரும் ஸ்பீடுதான் கேப்பாங்க, நீங்க படக கேக்குறீங்க. மோட்டார் மாட்டுற பின்பலகைய ஸ்க்ரூடிரைவர் பிடியால தட்டிப் பாருங்க. கணீர்னு கேட்டா வாங்க. தொப்புனு கேட்டா மொதல்ல பலகைய பாருங்க."

"இவரு மோட்டார் விக்கிறாரா, வைத்தியம் பாக்குறாரா?" என்று ஆரோக்கியம் என் காதில் முணுமுணுத்தான்.

மோட்டார் வாங்காமலே திரும்பி, சாயங்காலம் பின்பலகையைத் தட்டினேன். ஓரத்தில் கணீர். நடுவில், போல்ட் துளைகளைச் சுற்றி, தொப், தொப். அதுவரை கேலியாகச் சிரித்துக்கொண்டிருந்த ஆரோக்கியம் சிரிப்பை நிறுத்தினான். பெயின்டைச் சுரண்டினோம். அடியில் விரல் நீளத்துக்கு வெடிப்பு. ஸ்க்ரூடிரைவரை வைத்து அழுத்தினால் பிடிவரை இறங்கியது. கறுப்பாகத் தண்ணீர் வழிந்தது. பைபருக்குள் இருந்த மரம் சோறுபோலக் குழைந்திருந்தது.

தப்பு எங்களுடையது. திருவிழாவுக்குப் பங்குச் சாமியார் படகை மந்திரித்து ஆசீர்வதிக்க வருவார் என்று வருடா வருடம் இரண்டு கோட்டு பெயின்ட் அடிப்போம். புனிதர் பெயர் எழுதுகிற பின்பலகைக்கு மூன்று கோட்டு. வெடிப்பை அழகாக மூடிவிட்டு ஆசீர் கேட்டிருக்கிறோம்.

இருபத்தைந்தை மாட்டியிருந்தால், நடுக்கடலில் பலகையோடு பிய்ந்து போயிருக்கும். நாங்கள் இருவரும் இல்லை.

பலகையை வெட்டி எடுத்துப் புதிதாக வைத்தோம். மோட்டாரும் புதிதாகப் பத்து எச்பியே வாங்கி மாட்டினோம். மெதுவாகத்தான் போகிறது. ஆனால் திரும்பி வருகிறது.

இந்தத் திருவிழாவுக்கு, தட்டிப் பார்த்த பிறகுதான் பெயின்ட் டப்பாவைத் திறந்தேன். இப்போது ஆரோக்கியமே அடுத்தவர் படகுகளையும் தட்டிக்கொண்டு திரிகிறான். நானும் பயப்படாமல் கேள்வி கேட்கிறேன்.

என்னைப் போலக் கூச்சப்படுகிறவர்களே, முதலில் அந்தக் கூச்சத்தையே ஆண்டவர் முன்னால் வையுங்கள். எனக்கு வாய் கொடுத்தவர் உங்களுக்கும் கொடுப்பார்.

எழுதிவிடு எழுதிவிடு என்று என் மனைவி சொல்லிக்கொண்டே இருந்தாள். எழுதி முடித்தது இன்று, ஆகஸ்ட் 12, செவ்வாய்க்கிழமை.