பாதிக் கடதாசிக்கு ஒரு ரோல்ஸ்

கொழும்பில், எங்கள் வெள்ளவத்தை வீட்டுக்குச் சின்னம்மா வந்திறங்கியபோது கையில் ஒரு சூட்கேசும் பொரிக்கிற ஒரு இரும்புத் தாச்சியும் இருந்தன. சூட்கேசை அம்மா வாங்கி உள்ளே வைத்தார். தாச்சியைச் சின்னம்மா யாரிடமும் கொடுக்கவில்லை. அவர் அம்மாவின் தங்கை. சண்டைக்குத் தப்பி யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டவர், வழியில் எதையெதையோ விட்டுவிட்டு அதை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். சித்தப்பா முன்பே வெளிநாடு போயிருந்தார். போய்ச் சேர்ந்துவிட்டேன் என்ற அவருடைய கடிதம்தான் இன்னும் வரவில்லை.

எங்கள் வீட்டின் முன்னறை ஜன்னல் ஒழுங்கையைப் பார்த்தபடி இருக்கும். ஒழுங்கையின் ஒரு முனையில் காலி நகருக்குப் போகும் காலி வீதி, மறுமுனையில் ரயில் பாதையும் கடலும். வந்து ஒரு கிழமைக்குள் சின்னம்மா அந்த ஜன்னலைக் கடையாக்கிவிட்டார். கம்பிகளுக்கு நடுவே ஒரு கை போய்வர இடம் இருந்தது. அதற்குமேல் ஒரு கடைக்கு என்ன வேண்டும் என்று கேட்டார். ஆட்டிறைச்சி ரோல்ஸ் அவருடைய கையில் அப்படி வரும். வெளியே மொறுமொறுவென்று, உள்ளே கிழங்கும் இறைச்சியும் மிளகும் பதமாக. சாப்பிட்டவர்கள் திரும்பி வந்தார்கள். ஆனால் சாப்பிட்டவர்கள் மிகச் சிலரே.

அப்பா கெட்ட மனிதர் அல்ல. வடக்கிலிருந்து வந்து வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தவர்கள் அப்போது ஒழுங்கையெல்லாம் அறை தேடித் திரிந்தார்கள். அப்பாவின் சம்பளமோ எங்களுக்கே இழுபறி. மாத முடிவு வரைக்கும் பார்ப்போம், ஓடாவிட்டால் முன்னறையை வாடகைக்கு விடவேண்டும் என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு சின்னம்மா என்ன செய்வார் என்று யாரும் பேசவில்லை. சொந்தக்காரர் வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு, ஒரு மூலையில் பாய் விரித்துப் படுத்துக் காலம் போக்கும் பெண்கள் எங்கள் ஒழுங்கையிலேயே இருந்தார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் சின்னம்மாவின் வாய் இறுகிக்கொள்ளும்.

அப்பா காலி வீதியில் ஒரு புடைவைக் கடையில் வேலை செய்தார். வியாபாரத் தந்திரங்களில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்பது அவருடைய எண்ணம். வருடத்துக்கு இரண்டு முறை அவர்கள் கடையில் விலை குறைப்பார்கள். அந்த நாட்களில் அப்பாவின் நடையே வேறு.

"இலவசம் எண்டு ஒரு சொல் போடு. சனம் கதவை உடைச்சுக்கொண்டு வரும்," என்றார்.

சின்னம்மா அதைக் கேட்டுக்கொண்டார். நாலு ரோல்ஸ் வாங்கினால் ஒன்று இலவசம். அறிவித்தலை எழுதும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அப்போது ஒன்பது வயது. வாய் திறந்து பேச வராத பிள்ளை என்று பள்ளிக்கூடத்திலும் வீட்டிலும் பெயரெடுத்திருந்தேன். என் படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுபோனது பிறகு நடந்த கதை. ஆனால் அந்த வயதில் என் கையெழுத்து அழகு என்று ரீச்சரே சொல்லியிருந்தார். பழைய கலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் பெரிது பெரிதாக எழுதி, ஜன்னலிலும் மதில்களிலும் ஒட்டினேன்.

நல்ல நாளை அம்மா பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொன்னார். வெள்ளிக்கிழமை, மாலை ஐந்து மணிக்குப் பிறகு.

வியாழக்கிழமையே இறைச்சிக் கறி வைத்தாயிற்று. வெள்ளி காலையிலிருந்து ரொட்டி சுட்டு, கறி வைத்துச் சுருட்டி, மாக்கரைசலில் தோய்த்து, ரஸ்க் தூளில் புரட்டித் சின்னம்மாவும் அம்மாவும் தட்டுத் தட்டாக அடுக்கினார்கள். நாங்களும் வெள்ளிக்கிழமையில் மச்சம் மாமிசம் சாப்பிடாத ஆட்கள்தான். மத்தியானம் பருப்பும் கத்தரிக்காயும் சாப்பிட்டுவிட்டு எழுந்துபோய் மறுபடி இறைச்சி ரோல்ஸ் சுருட்டினார்கள். அப்போதும் வீட்டில் ஒருவருக்கும் ஒன்றும் உறைக்கவில்லை.

ஐந்தரை மணியளவில், கோவிலுக்குப் போய்த் திரும்பியவர்கள் நெற்றியில் திருநீறோடு வரத் தொடங்கினார்கள். ஜன்னலடியில் நின்றார்கள். என் எழுத்தை வாசித்தார்கள். சிரித்தார்கள்.

"நல்ல நாள் பாத்துத்தான் துவங்கியிருக்கிறாய் பிள்ளை," என்றார் முன்வீட்டு மாமி. "ஆனா இண்டைக்கு ஆர் மச்சம் வாயில வைக்கிறது?"

அவருக்குப் பின்னால் நின்ற ஒருவர், "உங்கட ரோல்ஸ் நல்லாத்தான் இருக்கும் தங்கச்சி. முருகன்தான் விடமாட்டார்," என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

அம்மா தலையில் கைவைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். அப்பா நாற்காலியில் இருந்தபடி, "நாலு வித்தா ஒண்டு இலவசம். ஒண்டுமே விக்காட்டி எத்தினை இலவசம்?" என்று கூரையைப் பார்த்துக் கேட்டார்.

சின்னம்மா ஜன்னலிலிருந்து திரும்பினார். தாச்சியின் கீழே நெருப்பைக் குறைத்தார். தட்டுகளை ஒருமுறை பார்த்தார். பொரித்தவை ஐந்தோ ஆறோதான். மற்றதெல்லாம் ரஸ்க் தூளோடு பச்சையாகவே இருந்தது. பிறகு பக்கத்துவீட்டுச் சிங்கள அக்காவை மதிலுக்கு மேலால் கூப்பிட்டு, அவருடைய பிரிட்ஜில் இடம் இருக்கிறதா என்று அரைகுறைச் சிங்களத்தில் கேட்டார். அந்த அக்கா, "தென்ன, தென்ன," தாங்கோ தாங்கோ என்று இரண்டு கைகளையும் நீட்டினார். பொரித்ததையும் அவருக்கே கொடுத்துவிட்டு, சின்னம்மா ஜன்னலுக்குத் திரும்பி வந்தார்.

"மாமி, இண்டைக்குச் சாப்பிட வேண்டாம். உங்கட ரோல்ஸை நான் எடுத்து வைக்கிறன். நாளைக்கு வாங்கோ, நாலோட அந்த ஒண்டையும் சுடச்சுடப் பொரிச்சுத் தாறன்."

மாமியின் முகம் மாறியது. தனக்கென்று ஒரு பொருள் எடுத்து வைக்கப்படுகிறது என்றால் யாருக்கு மாறாது? "அப்ப மறந்துபோகாமல் எழுதி வை," என்றார்.

சின்னம்மா என்னைப் பார்த்தார். நான் கொப்பியும் பென்சிலும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றேன். மாமியின் பெயரை எழுதினேன். முருகனைச் சொன்னவரும் தன் பெயரைச் சொன்னார். மூன்றாவதாக ஓர் இளம் ஆள் நின்றார். பக்கத்து லொட்ஜில் தங்கியிருப்பவர், கையில் எப்போதும் ஒரு பிளாஸ்டிக் பைல். நாலு ரோல்ஸுக்குச் சொல்லிவிட்டுச் சந்தோசமாகத்தான் நின்றார்.

"பேர் என்ன?" என்று நான் கேட்டேன். முன்பின் தெரியாத ஒருவரிடம் நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

அவர் கொப்பியைப் பார்த்தார். பென்சிலைப் பார்த்தார். காலி வீதிப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"பேர் என்னத்துக்குத் தம்பி?"

"எழுத."

"பிறகு வாறன்," என்று சொல்லிவிட்டு நடந்தார். அவருக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்களும் ஒருவரையொருவர் பார்த்துவிட்டு மெல்ல விலகினார்கள். வரிசை கலையத் தொடங்கியது.

சின்னம்மா கம்பிக்கு வெளியே கையை நீட்டி என்னிடமிருந்து கொப்பியை வாங்கினார். எழுதிய தாளைக் கிழித்துக் கசக்கினார். ரோல்ஸ் சுற்றும் மண்ணிறக் கடதாசியில் சின்னதாக ஒரு துண்டெடுத்து, அதைக் கோணல்மாணலாக இரண்டாகக் கிழித்தார்.

"பேரொண்டும் வேண்டாம்," என்றார், எல்லோருக்கும் கேட்க. "பாதி உங்களிட்ட, பாதி என்னட்ட. நாளைக்குக் கொண்டு வாங்கோ, பொருந்தினால் ரோல்ஸ் உங்கட."

யாரோ சிரித்தார்கள். விலகிய பெண்கள் திரும்பி வந்தார்கள். சின்னம்மா ஒரு பாதியை என் கையில் வைத்து, "ஓடிப்போய் அந்த அண்ணாவிட்ட குடு. ஒண்டும் கேக்காத," என்றார்.

ஒன்றும் கேட்காமல் இருப்பது எனக்குக் கைவந்த கலை. ஓடிப்போய் அவர் முன்னால் நின்று துண்டை நீட்டினேன். அவர் வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எங்கள் ஒழுங்கை கண்ட காட்சியை நான் மறக்கமாட்டேன். ஜன்னலடியில் ஆளுக்கொரு துண்டுக் கடதாசி. சின்னம்மா தன் பாதிகளைப் பலகையில் பரப்பி வைத்திருந்தார். பெரிய மனிதர்கள் சின்னப் பிள்ளைகள்போல மூலையோடு மூலை பொருத்திப் பார்த்தார்கள். "இது என்ர இல்ல, அங்கால இருக்கிறதைத் தாங்கோ." "மாமி, உங்கட துண்டில குங்குமம் பட்டிருக்கு, முருகனே பொருத்திவிட்டார்." வேடிக்கை பார்க்க நின்றவர்கள் தங்களுக்கும் ஒரு துண்டு வேண்டும் என்றார்கள். அவர்கள் வாங்கிய நாலோடு சின்னம்மா ஒரு பாதியைக் கொடுத்து, அடுத்த முறை கொண்டுவரச் சொன்னார். லொட்ஜில் இருந்தவர் தன்னைப்போன்ற இன்னும் மூவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். மத்தியானத்துக்கு முன்பே தட்டுகள் காலி.

அன்றைக்கே சின்னம்மா என் அறிவித்தல்களைக் கழற்றச் சொன்னார். இலவசம் என்ற சொல்லை அதற்குப் பிறகு அவர் என்னை எங்கும் எழுதச் சொல்லவில்லை. ஆனால் துண்டு கொடுப்பதை நிறுத்தவும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையிலிருந்து மரக்கறி ரோல்ஸும் வந்தது. வெள்ளிக்கிழமை மரக்கறி வாங்குபவர் கையில் சனிக்கிழமை இறைச்சி ரோல்ஸுக்கு ஒரு பாதி இருக்கும். புடைவைக் கடையில் இருபது வருடம் நின்ற அப்பாவுக்கு இது தோன்றவில்லை. மாத முடிவில் அவர் அறையைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. தன் நாற்காலியை மட்டும் தூக்கிக்கொண்டு பின் விறாந்தைக்குப் போனார். முன்னறையில் மாக்கரைசல் தெறிக்கிறதாம்.

எல்லோருக்கும் நல்லதாக முடிந்த இந்தக் கதையில் எனக்கு மட்டும் ஒரு மனக்குறை இருந்தது. என் எழுத்து வடிவில்லை என்றுதான் அந்த ஆள் திரும்பிப் போனார், அதனால்தான் சின்னம்மா தாளைக் கிழித்தார் என்று நினைத்துக்கொண்டேன். வடக்கிலிருந்து வந்தவர்களின் பெயர்களைப் பொலிஸ் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போவதும், பிறகு எந்த நேரத்திலும் அந்தத் தாளோடு கதவைத் தட்டுவதும், பெயர் வாசிக்கப்பட்ட சிலர் ஜீப்பில் ஏறிப் போய்த் திரும்பாததும் ஒழுங்கையில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எங்கள் வீட்டிலும் பொலிஸ் பதிந்து கொடுத்த துண்டு ஒன்று சாமிப் படத்துக்குப் பின்னால் இருந்தது. அதில் சின்னம்மாவின் பெயர் இருந்தது. எனக்கு அது வெறும் கடதாசி.

ஆகவே கொப்பியின் கடைசிப் பக்கங்களில் எழுதிப் பழகினேன். வாடிக்கையாளர்கள் ஒருவரையொருவர் கூப்பிடும்போது காதில் விழுந்த பெயர்களையெல்லாம், லொட்ஜில் இருந்தவர்களின் பெயர்களையும் சேர்த்து, ஒன்றின்கீழ் ஒன்றாக, கோடு தாண்டாமல். இரண்டு பக்கம் நிறைந்ததும் கொண்டுபோய்ச் சின்னம்மாவிடம் காட்டினேன்.

அவர் மாக்கையைச் சேலையில் துடைத்துவிட்டு, ஒவ்வொரு பெயராக, உதடு அசைய, கடைசிவரைக்கும் வாசித்தார்.

"நல்ல வடிவா எழுதியிருக்கிறாயடா ராசா," என்றார்.

பிறகு அந்த இரண்டு பக்கங்களையும் பிய்த்து அடுப்புக்குள் வைத்து, அவை முழுதாக எரிந்து முடியும்வரை என் தோளில் கைவைத்துக்கொண்டு நின்றார். நான் அவருடைய முகத்தைப் பார்க்கவில்லை. அடுத்த முறை 'ழ'வின் சுழியை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போடவேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.