இன்னொரு தடவை

என் அக்கா வீட்டுக்காரரை ஸ்கூபா டைவிங் பள்ளியில் எல்லோரும் ‘இன்னொரு தடவை’ என்றுதான் கூப்பிடுவார்கள். சிலிண்டர்களில் காற்று நிரப்புவதும், படகில் அவற்றை ஏற்றி இறக்குவதும், தண்ணீரில் குதிக்கப் போகிறவர்களின் வால்வைக் கடைசியாகத் தொட்டுப் பார்ப்பதும் அவர் வேலை. யார் என்ன சொன்னாலும், “இருங்க, இன்னொரு தடவை பார்த்துடறேன்” என்பார். வீட்டிலும் அதே கதைதான். பூட்டிய கதவைத் திறந்து, பூட்டியிருக்கிறதா என்று பார்க்கிற மனிதர். அக்கா தலையில் அடித்துக்கொள்வாள். அவருக்கு நீச்சல் மட்டும் சுத்தமாகத் தெரியாது. பதினெட்டு வருடமாகப் படகிலேயே கிடந்தும் முட்டிக்கு மேல் நனையாத ஒரே ஆள் என்று நாங்கள் கேலி செய்வோம்.

அதே பள்ளியின் அலுவலகத்தில் எனக்குத் தட்டச்சு வேலை. விண்ணப்பம், சான்றிதழ், வருகைப் பதிவு எல்லாம் என் கை வழியாகத்தான் போகும். அந்த விபத்தின் அறிக்கையும் அப்படித்தான் போனது.

இறந்த பெண் மருந்துக்கடையில் வேலை பார்த்தவள். இருபத்தாறு வயது. பயிற்சியின் மூன்றாவது நாள், பதினெட்டு மீட்டர் ஆழம். காது வலிக்கிறதென்று சைகை காட்டிய இன்னொருவரைக் கவனித்துவிட்டுப் பயிற்சியாளர் திரும்புவதற்குள், அவள் அடியில் மணலில் கிடந்தாள். மேலே தூக்கி வந்தபோது சிலிண்டரில் முக்கால்வாசிக் காற்று அப்படியே இருந்தது.

எங்கள் பள்ளியில் ஒரு பழக்கம் உண்டு. வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, அது இறுகிக்கொள்ளாமல் இருக்கக் கால் சுற்று பின்னால் திருப்புவார்கள். அவளுடையதோ முழுக்க மூடி, கால் சுற்று மட்டும் திறந்திருந்தது. படகில் உட்கார்ந்து மூச்சுவிட அது போதும். அளவு காட்டும் முள்ளும் நிறைந்திருப்பதாகவே காட்டும். ஆழத்துக்குப் போனால் ஒவ்வொரு மூச்சுக்கும் பல மடங்கு காற்று வேண்டும், அது அந்த இடுக்கு வழியாக வராது.

விசாரணை அதிகாரி எங்களைத் தனித்தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். அத்தான், “வழக்கம்போலப் பார்த்தேன்” என்றதோடு சரி. பிறகு முதலாளி சொல்லச் சொல்ல நான் அடித்தேன்: ‘பயிற்சி பெற்றவர் வால்வைத் தவறான திசையில் திருப்பியிருக்கக்கூடும்.’ எனக்கு அன்று எந்த உணர்ச்சியும் வரவில்லை. எழுத்துப்பிழை இருக்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அத்தானும் அழவில்லை. மறுநாளே வேலைக்கு வந்தார். பயிற்சிக்கு ஆளே இல்லை. கழுவிய உடைகளையே திரும்ப எடுத்துக் கழுவிக் காயப்போட்டார். அக்கா உப்புப் போட மறந்த அன்றைக்கும் மறுபேச்சில்லாமல் சாப்பிட்டு எழுந்தார். வாசல் கதவை ஆவென்று திறந்து போட்டுவிட்டு வெளியே போக ஆரம்பித்தார். அதைப் பார்த்துத்தான் அக்கா பயந்தாள்.

பத்தாவது நாள் காலை, அக்கா வீட்டில் நானும் அவளும் துணி மடித்துக்கொண்டிருந்தோம். செய்தித்தாளில் இருப்பதைப் படித்துச் சொல்கிறவர் மாதிரி அத்தான் சொன்னார்.

“எப்பவும் பின்னாடி நின்னுதான் வால்வைத் தொடுவேன். அன்னிக்கு அந்தப் பொண்ணு என்னைப் பார்த்து உட்கார்ந்திருந்தா. முன்னாடி இருந்தே தோளுக்கு மேல கையை விட்டுட்டேன். அப்படித் திருப்பினா திசை மாறிடும்ல. கை அதுபாட்டுக்கு மூடிட்டு, கால் சுற்று திருப்பி வச்சிருச்சு.”

“நிச்சயமாத் தெரியுமா?” என்றாள் அக்கா.

“தெரியும்.”

“நமக்கு ரெண்டு பொண்ணுங்க இருக்காங்க. உங்களை உள்ள தூக்கிப் போட்டுட்டா நாங்க எங்கங்க போறது?” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நான்தான் சொன்னேன். “போனவ திரும்பி வரப்போறதில்ல அத்தான். அறிக்கையும் போயாச்சு. நீங்க வாயே திறக்காதீங்க.”

அவர் சரி என்று தலையாட்டினார். அவ்வளவு சுலபமாக ஒப்புக்கொண்டதில் எனக்கு நிம்மதிகூட வந்தது. அதை நினைத்தால் இப்போது என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணின் அப்பா வந்தார். பஸ் ஓட்டுநர். சீருடையோடு, ஒரு நடைக்கும் இன்னொரு நடைக்கும் நடுவில், மகளின் பையை வாங்கிப் போக வந்திருந்தார். முதலாளி அவரை என் மேஜைக்கு எதிரே உட்காரவைத்துத் தானும் உட்கார்ந்தார்.

“அறிக்கையைப் படிச்சேன். தெரியாமத்தான் கேக்கறேன், வால்வு திறக்கறது அவ்வளவு கஷ்டமான வேலைங்களா?”

“பதட்டத்துல யாருக்கும் வரும்ங்க,” என்றார் முதலாளி.

“அஞ்சு வருஷமா மருந்துக்கடையில இருந்தா. ஒருத்தருக்கு ஒரு மாத்திரை மாத்திக் கொடுத்ததில்ல. இதுல போய்க் கோட்டை விட்டுட்டாளே.”

முதலாளி வருத்தமாகத் தலையாட்டினார். ஓட்டுநரும் கூடவே ஆட்டினார், மகளுக்காக மன்னிப்புக் கேட்பவர் போல.

பையை எடுத்துவந்த அத்தான் அதை மேஜைமேல் வைத்தார். வைத்துவிட்டுப் போகவில்லை.

“உங்க பொண்ணு சரியாத்தான் திறந்திருந்தா. நான்தான் மூடிட்டேன்.”

“இவருக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லைங்க,” என்று முதலாளி அவசரமாக எழுந்தார். ஓட்டுநர் கையைக் காட்டி அவரை நிறுத்தினார்.

“அவ பார்த்தாளா?”

“பார்த்தா. ‘பார்த்துட்டேன் அண்ணா, சரியா இருக்கு’ன்னு என்கிட்ட சொன்னா. நான் காதுல வாங்கல.”

அடிப்பார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் நான் தடுத்திருக்க மாட்டேன், அத்தானும் நகர்ந்திருக்க மாட்டார். ஓட்டுநர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“இதை அப்படியே அடிச்சுத் தாம்மா. அவ சொன்னதையும் சேர்த்து.”

நான் அத்தானைப் பார்த்தேன். அக்காவின் முகம் கண்முன் வந்தது.

“அடி,” என்றார் அத்தான்.

ஆறே வரிதான். அத்தான் கையெழுத்துப் போட்டார். ஓட்டுநர் எழுத்துக் கூட்டுகிறவர் மாதிரி உதட்டை அசைத்து முழுவதையும் படித்தார்.

“இன்னொரு பிரதி வேணும்மா. ஒண்ணு அதிகாரிக்கு, ஒண்ணு வீட்டுக்கு.”

“வீட்டுக்கா?” என்று கேட்டுவிட்டேன்.

“அவ அம்மாவுக்குப் படிச்சுக் காட்டணும். கொஞ்சம் கவனமா இருந்திருக்கக் கூடாதாடின்னு, ஒரு மாசமா செத்த பொண்ணைத் திட்டிக்கிட்டே இருக்கா.”