கரீம் பாய் கவிழ்த்த தொட்டி

வாணியம்பாடியிலிருந்து தோல் ஏற்றி வந்த வண்டிக்காரர்தான் சேதி சொன்னார். கரீம் பாய் நேற்று மௌத்தாகிவிட்டாராம். நான் பேனாவைக் கீழே வைக்கவில்லை. அவரோடு எங்கள் தோல் மண்டியில் வேலை பார்த்த நீங்கள் இதைப் படித்து முகம் சுளிப்பீர்கள். எனக்கு அவரைப் பிடிக்காது. செத்ததால் பிடித்துவிடவும் இல்லை.

தோலைத் தரம் பிரிப்பது அவர் வேலை. கட்டைவிரலால் ஒரு தடவு தடவி, "கம்மி" என்று வீசுவார். மனிதர்களையும் அப்படித்தான். குமாஸ்தாவான நான் எழுதிய கடிதத்தை, படிக்கத் தெரியாமலே, "கம்மி" என்றவர் அவர்.

என் மகள் கமலா கால் முறிந்து மாதக்கணக்கில் கட்டோடு படுத்திருந்தாள். அவள் பார்த்துக்கொண்டிருக்க ஜன்னலோரம் கண்ணாடித் தொட்டி வைத்து இரண்டு மீன் விட்டேன். ஆலங்காயத்திலிருந்து வேலம்பாசி வரவழைத்து நட்டேன். வேலம்பாசிக்குப் பக்குவமே வேண்டாம். தண்டை ஒடித்து நீரில் போட்டாலே வளரும். என்னிடம் மூன்று முறை அழுகியது. ஒரு மீனும் செத்தது. "இன்னொண்ணும் செத்துடுமாப்பா?" என்று கேட்ட கமலா, அன்று சாப்பிடவே இல்லை.

சேதி கேட்டுக் கரீம் பாய் தானாக வந்தார். தொட்டி நீர் டிகாஷன் நிறத்தில் இருந்தது.

"அடியில இன்னா போட்டுக்கிறீங்க, மொதலியாரே?"

"எருவுக்கு ஆவாரம்பட்டைச் சக்கை. மண்டியில மிஞ்சினது. ரோஜாச் செடிக்குப் போடறதுதானே?"

அவர் சிரித்தது தெருக்கோடிவரை கேட்டிருக்கும். "தோலுக்குப் போடற பட்டைய பாசிக்குப் போட்டுக்கினு, வளரும்னு குந்தினு இருக்கிறீங்களே! இது பதமாவும், வளராது."

மீனைச் செம்பில் பிடித்து வைத்துவிட்டு, என்னை ஒரு வார்த்தை கேட்காமல், தொட்டியைச் சாக்கடையில் கவிழ்த்தார். போய்ப் பாலாற்று மணலும், தம் வீட்டு ஜாடியில் வளர்ந்த ஐந்து தண்டுகளும் கொண்டுவந்தார். மணலைக் கழுவிப் பரப்பி, தண்டுகளைச் சொருகி, நல்ல தண்ணீர் ஊற்றினார். "வெயில் கீது, தண்ணி கீது. நீங்க கைய மட்டும் வெக்காதீங்க."

சில வாரங்களில் தொட்டி பச்சைப்பசேலென்று ஆயிற்று. மண்டியில் எனக்குப் 'பட்டைப்பாசி முதலியார்' என்று பெயரும் ஆயிற்று. நீங்களும்தான் கூப்பிட்டீர்கள். அதைக்கூட மன்னித்திருப்பேன்.

கட்டு அவிழ்த்த அன்று கமலாவைக் கூடத்தில் நிறுத்தி, கை நீட்டி அழைத்தேன். பயந்துபோய் அசையாமல் நின்றாள். அப்போது வாசலில் கரீம் பாயின் தலை தெரிந்தது.

"பாசி ஜாஸ்தி ஆய்ட்ச்சாம்மா?"

"ஆய்ட்ச்சி, பாய்!" என்றவள், சுவரைப் பிடித்துக்கொண்டு, என்னைத் தாண்டி அவரிடம் நடந்து போனாள். பெற்றவன் நான். நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

கமலா இப்போது புருஷன் வீட்டில் இருக்கிறாள். அவளுக்கு இன்னும் சேதி எழுதவில்லை. தெரிந்தால் அழுவாள். எனக்கும் அத்தனை அழுவாளா என்பது சந்தேகம்தான்.

தொட்டி என்னிடமே இருக்கிறது. வாரம் ஒருமுறை தண்டுகளைக் கத்தரித்து, நுனிகளைத் திரும்பச் சொருகுகிறேன். அவர் சொன்னபடி வேறெதற்கும் கை வைப்பதில்லை. கரீம் பாயிடமிருந்து நான் வைத்துக்கொண்டவை அந்தப் பாசியும், அவர்மேல் எனக்குள்ள கோபமும். இரண்டையும் வாடவிட மாட்டேன்.