பூட்டிய கழிப்பறையின் சாவி

நகராண்மைக் கழகத்தின் சுற்றுலாப் பிரிவில் பதினெட்டு வருடம் குப்பை கொட்டிவிட்டேன். என்ன கிழித்தாய் என்று யாராவது கேட்டால், ஒரு கழிப்பறைச் சாவியைப் பத்திரமாக வைத்திருந்தேன் என்றுதான் சொல்ல முடியும்.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு சிற்றூர் எங்கள் பொறுப்பில் இருந்தது. டுரியான் பழக் காலத்தில் ஜார்ஜ் டவுனிலிருந்து வேன் வேனாகச் சுற்றுப்பயணிகள் அந்த வழியாகத் தோட்டங்களுக்குப் போவார்கள். ஊரில் நிற்கும் நாலைந்து வேன்களும் அப்பம் சுட்டு விற்கும் ஓர் அக்காவின் கடை முன்னால்தான் நிற்கும். காரணம் அப்பம் இல்லை. கடைக்குப் பின்னால் இருந்த தன் வீட்டுக் கழிப்பறையை அவர் யாருக்கும் இல்லையென்று சொன்னதில்லை. போய்விட்டு வந்தவர்கள் கூச்சத்துக்காக இரண்டு அப்பம் வாங்குவார்கள், பிறகு ருசிக்காக இன்னும் நான்கு.

புதிதாக வந்த கழகத் தலைவர் முதல் கூட்டத்திலேயே, அந்த ஊரில் ஏன் அதிகம் பேர் இறங்குவதில்லை என்று கேட்டார். வளைவு கட்டலாம், சுவரில் ஓவியம் வரையலாம் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். நான் கழிப்பறை என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. மனிதரைக் குறை சொல்லக்கூடாது. ஆறே மாதத்தில் கட்டிக் காட்டினார்.

திறப்பு விழாவுக்கு அக்காதான் தேநீர் கொண்டுவந்தார். தலைவர் கை கழுவுவதுபோல் படம் எடுக்க வேண்டும் என்றார்கள். குழாய்க்குத் தண்ணீர் இணைப்பு இன்னும் வரவில்லை. படத்தில் விழாதபடி ஓரமாக நின்று, போத்தல் தண்ணீரை அவர் கையில் நான் ஊற்றினேன்.

அடுத்த வாரம் இணைப்பு வந்துவிடும், அதுவரை பூட்டி வை என்று சாவியை என்னிடம் கொடுத்தார்கள். கொஞ்ச நாளில் தலைவர் மாற்றலாகிப் போனார். இணைப்பு முடிந்ததாகக் கோப்பில் ஒரு கையெழுத்து விழுந்தது, நானும் நம்பினேன். பூட்டு மட்டும் அப்படியே இருந்தது. திறந்தால் அழுக்காகிவிடுமாம், மேலிடத்திலிருந்து யாராவது பார்க்க வருவார்களாம். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி நான்தான். சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஊருக்குப் போன நாட்களில் சட்டைப்பையில் சாவியோடு நானே அக்கா வீட்டுக் கழிப்பறைக்குத்தான் போனேன்.

ஒரு நாள் அக்கா சொன்னார்: "தம்பி, பின்னால கக்கூஸ் டேங்க் ரொம்பி வழியுது. இனிமே வெளி ஆள விட்டா கடைய காலி பண்ணணும்னு ஓனர் சொல்லிட்டாரு. நீங்க கட்டிப் பூட்டி வச்சிருக்கிற தண்டாஸ தொறந்து விடுங்க லா."

"சனிக்கெழம தொறந்துடுறேன்க்கா," என்றேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. என் உத்தியோகத்தில் நான் காட்டிய ஒரே வீரம் அது. அக்கா வேன் ஓட்டுநர்களுக்கெல்லாம் சொல்லிவைத்துவிட்டு, தன் வீட்டுக் கதவைப் பூட்டினார்.

சனிக்கிழமை சீக்கிரமே போய்ச் சோப்பு வைத்தேன், தரையைப் பெருக்கினேன். குழாயைத் திருகிப் பார்க்கத் தோன்றவில்லை. முதல் வேனிலிருந்து வயதான பெண்கள் எட்டுப் பேர் இறங்கினார்கள். கல்யாண வீட்டு வாசலில் நிற்பவனைப்போல் நின்று வரவேற்றேன். முதலில் போனவர் கை நிறையச் சோப்போடு வெளியே வந்து விழித்தார். ஓடிப்போய் ஒவ்வொரு குழாயாகத் திருகினேன். ஒரு சொட்டு வரவில்லை.

அக்கா வாசலில் நின்றிருந்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"அன்னிக்குத் தலைவருக்கு ஊத்துனீங்களே தம்பி, அந்த மாதிரி போத்தல் இருக்கா?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை.

பையில் அரைப் போத்தல் இருந்தது. அந்த அம்மாவின் கையில் ஊற்றினேன். அதற்குள் அக்கா தன் வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு மற்ற ஏழு பேரையும் அழைத்துப் போய்விட்டார். எதிரே நின்றிருந்த காரில் இருந்து ஓனர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த மாதக் கடைசியில் கடை காலியானது. இப்போது எந்த வேனும் அந்த ஊரில் நிற்பதில்லை. காரணம் கேட்டு மேலிடத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறது, பதில் எழுத வேண்டியவன் நான்.